கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்களா? அந்த ஆபரேஷனின் 200 வருஷக் கதை இது

நீளமான இழை. பொறுமையா படிங்க. வீட்ல அம்மா, அத்தை, பெரியம்மா யாருக்காவது தேவைப்பட்டா அனுப்பி வைங்க.

"மெனோபாஸ் ஆகி நாலு வருஷம் கழிச்சு லேசா ரத்தம் பட்டுச்சு. பயாப்ஸி எடுத்தாங்க. கர்ப்பப்பை உள்சுவர்ல கேன்சராம், ஆரம்ப நிலைதானாம், எடுத்துடலாம்னு சொல்றாங்க." இப்படி வர்றவங்க கேட்கிற கேள்விகள்ல பாதி கேன்சரைப் பற்றி இருக்காது. ஆபரேஷனைப் பற்றித்தான் இருக்கும். பிழைச்சு எழுந்துப்பேனா? எத்தனை மாசம் படுக்கணும்? முந்தின ராத்திரியிலிருந்து பச்சத் தண்ணி கூட கூடாதாமே?

இந்த பயம் சும்மா வந்ததில்லை. பாட்டி காலத்துல பார்த்ததும் கேட்டதும் அப்படி. அந்தக் காலத்துக்கும் முன்னாடி போனா இன்னும் மோசம்.

1813. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரம். கான்ராட் லாங்கென்பெக் என்ற சர்ஜன், கர்ப்பப்பை கீழே இறங்கிப்போன ஒரு பெண்ணுக்கு, அதில் கேன்சர் இருக்குன்னு நினைச்சு, பிறப்புறுப்பு வழியா முழுசா எடுத்தார். மயக்க மருந்து கிடையாது. அது வர இன்னும் 33 வருஷம் இருக்கு. கூட உதவிக்கு நின்னவர், நின்னவர்னு சொல்லக்கூடாது, உட்கார்ந்திருந்தவர், கீல்வாதக்காரர். நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியலை. ரத்தம் பீறிட்டப்போ லாங்கென்பெக் ஒரு கையால் அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையாலும் பல்லாலும் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.

அந்தப் பெண் பிழைச்சாங்க. ஆனா யாரும் நம்பலை. உதவிக்கு இருந்தவர் கொஞ்ச நாள்ல இறந்துட்டார். வெட்டி எடுத்த கர்ப்பப்பை தொலைஞ்சு போச்சு. அந்தப் பெண்ணுக்கோ நடந்ததைச் சாட்சி சொல்ற அளவுக்குத் தெளிவில்லை. 26 வருஷம் கழிச்சு அவங்க வயசாகி இறந்த பிறகு, பிரேதப் பரிசோதனையில் கர்ப்பப்பை இல்லைன்னு தெரிஞ்சப்போதான் சக டாக்டர்கள் வாயை மூடினாங்க. இவ்வளவு நாள் பொய்யன்னு பேரெடுத்து வாழ்ந்த ஒரு மனுஷனை நினைச்சா எனக்குச் சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு.

வயிற்றைத் திறந்து எடுக்கிறது அதைவிட ஆபத்து. 1843ல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே முயற்சி செஞ்சார், நோயாளி இறந்துட்டாங்க. 1853ல் அமெரிக்காவில், லோவல் என்ற ஊர்ல, வால்டர் பர்ன்ஹாம் சினைப்பைக் கட்டின்னு நினைச்சு வயிற்றைத் திறந்தார். நோயாளி வாந்தி எடுத்ததுல பெரிய கட்டிகளோட கர்ப்பப்பை வெளியே தள்ளிக்கிட்டு வந்துடுச்சு. திரும்ப உள்ளே வைக்க முடியலை. வேற வழியில்லாம வெட்டி எடுத்தார். அவங்க பிழைச்சாங்க. வயிற்று வழியா கர்ப்பப்பையை எடுத்து உயிர் பிழைச்ச முதல் ஆபரேஷன்னு வரலாறு குறிக்கிறது இந்த விபத்தைத்தான்.

கேன்சருக்காகத் திட்டமிட்டு, மயக்க மருந்து கொடுத்து, லிஸ்டர் சொன்ன கிருமிநாசினி முறையைக் கடைப்பிடிச்சு, வயிற்று வழியா முழுக் கர்ப்பப்பையையும் எடுத்தது 1878 ஜனவரி 30. பிரெஸ்லாவில் (இன்னைக்கு போலந்து நாட்டு விராட்ஸ்லாவ்) ஃபிராய்ண்ட் செஞ்சது. அந்த நோயாளி பிழைச்சாங்க. ஆனா அதே ஆபரேஷனை மற்றவங்க செய்ய ஆரம்பிச்சப்போ முதல் சில வருஷங்கள்ல பாதிக்கும் மேல் இறந்தாங்க. "வயிற்றைத் திறந்தா அவ்வளவுதான்" என்ற பேச்சு எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா?

சர்ஜனோட கைத்திறமை வளர்ந்த கதையை எல்லாரும் எழுதுவாங்க. எனக்கு அதைவிட முக்கியமாத் தெரியறது, ஆபரேஷனுக்கு முந்தின நாளும் மறுநாளும் நோயாளியை என்ன பண்ணினோம் என்ற கதை. அதுல நாங்க ரொம்ப காலம் பிடிவாதக்காரங்களா இருந்திருக்கோம்.

முதல்ல தண்ணி விஷயம். 1880-களிலேயே லிஸ்டர் தெளிவா எழுதிட்டார்: வயிற்றில் கெட்டியான உணவு இருக்கக்கூடாது, ஆனா ரெண்டு மணி நேரம் முன்னாடி ஒரு கப் டீயோ இறைச்சிச் சாறோ கொடுக்கலாம். அப்புறம் 1946ல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 44,016 பிரசவங்கள்ல 66 பேருக்கு மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள்ள போயிருக்கு. இறந்தது ரெண்டு பேர், ரெண்டுமே கெட்டியான சாப்பாடு மூச்சுக்குழாயை அடைச்சு. இந்த ஆபத்து நிஜம், சந்தேகமே இல்லை. ஆனா பிரசவ வலியில் இருந்தவங்களைப் பற்றிச் சொன்னதை எல்லா ஆபரேஷனுக்கும் நீட்டி, சாப்பாட்டையும் தண்ணியையும் ஒண்ணாக்கி, "ராத்திரி 12க்கு மேல் ஒண்ணும் கூடாது"ன்னு சட்டமாக்கிட்டாங்க. வார்டுக்கு அது வசதி. காலையில் யாரை முதல்ல கூப்பிடுவாங்கன்னு யோசிக்க வேண்டாம் பாருங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தியேட்டருக்குப் போற சர்க்கரை நோயாளி அம்மா நாக்கு வறண்டு தலை சுத்திக் கிடப்பாங்க.

1999ல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டுது: தெளிவான திரவம் 2 மணி நேரம் முன்பு வரை, லேசான உணவு 6 மணி நேரம் முன்பு வரை. லிஸ்டர் சொன்ன அதே ரெண்டு மணி நேரம்! தெளிவான திரவம்னா தண்ணி, கடுங்காபி, வடிகட்டின ஜூஸ். பால் காபி இதுல சேராது. ஒரு எச்சரிக்கை: இரைப்பை மெதுவா காலியாகிறவங்களுக்கும், எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ செமாக்ளூடைட் மாதிரி ஊசி போடுறவங்களுக்கும் கணக்கு மாறும். மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க, அவர் சொல்ற நேரம்தான் உங்க நேரம்.

அடுத்தது ஷேவிங். முந்தின ராத்திரியே ரேசரால் வழிச்சு விடுறது சுத்தம்னு நினைச்சோம். கனடாவில் கால்கரி நகரத்தில் 62,939 ஆபரேஷன் காயங்களைப் பத்து வருஷம் கவனிச்சு 1980ல் வெளியிட்டாங்க. ஷேவ் பண்ணினவங்களுக்குத்தான் காயத்தில் கிருமித்தொற்று அதிகம். ரேசர் போடுற கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் காரணம். இன்னைக்கு எடுக்கவே வேண்டாம், எடுத்தா கிளிப்பர் போதும் என்பதுதான் நிலை. ஆகவே தாய்மாரே, வீட்லயே வழிச்சுட்டு வராதீங்க.

படுக்கை விஷயம் இன்னும் மோசம். 1899லேயே சிகாகோவில் எமில் ரீஸ் என்ற மகளிர் நோய் மருத்துவர், ஆபரேஷன் ஆன ஒண்ணு ரெண்டு நாள்லயே நோயாளிகளை எழுப்பி நடக்க வெச்சு, நல்லாத்தான் இருக்காங்கன்னு எழுதினார். யாரும் கண்டுக்கலை. ரெண்டு மூணு வாரம் அசையாம படுக்க வைக்கிறது தொடர்ந்துச்சு. உலகப் போர்ல படுக்கைப் பற்றாக்குறை வந்தப்போதான் பல இடங்கள்ல எழுப்பி விட்டாங்க.

அசையாம படுத்தா காலில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா திடீர் மரணம். கேன்சரும் சேர்ந்தா ஆபத்து கூடும். 1975ல் விஜய் கக்கர், பிரிக்கப்படாத இந்தியாவின் சியால்கோட்டில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த சர்ஜன், 4,121 நோயாளிகள் பங்கெடுத்த ஆய்வை வெளியிட்டார். ஹெப்பாரின் போடாத பிரிவில் இப்படி இறந்தவங்க 16 பேர். குறைந்த அளவு ஹெப்பாரின் போட்ட பிரிவில் 2 பேர். இன்னைக்கு உங்க வயிற்றில் போடுற அந்தச் சின்ன ஊசியோட பூர்வீகம் இதுதான். கருநீலத் தழும்பு விழுதேன்னு வேண்டாம்னு சொல்லாதீங்க.

சரி, வயிற்றைக் கிழிக்கணுமா, துளை போட்டு எடுக்கலாமா? 1988ல் ஹாரி ரீச் அமெரிக்காவில் லேப்ராஸ்கோப் மூலம் கர்ப்பப்பையை எடுத்தப்போ, கேன்சருக்கு இது ஒத்து வருமான்னு பலருக்குச் சந்தேகம். 2,616 பெண்கள் பங்கெடுத்த லேப்-2 ஆய்வு பதில் சொல்லுச்சு: அஞ்சு வருஷம் உயிரோட இருந்தவங்க ரெண்டு பிரிவிலும் 89.8 சதவீதம். சிக்கல்கள் துளை போட்டவங்களுக்குக் குறைவு. ஆனா நாலுல ஒருத்தருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்துச்சு, அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

இங்க ஒரு குழப்பம். நம்ம பேச்சுல ரெண்டையுமே "கர்ப்பப்பை கேன்சர்"னுதான் சொல்றோம். உள்சுவர் புற்றுநோய் வேற, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேற. வாய்ப் புற்றுநோய்க்கு 2018ல் வந்த ஆய்வு நேர் எதிரா சொல்லுச்சு: அங்கே திறந்து செய்ற ஆபரேஷன்தான் நல்லது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படி செஞ்சாங்கன்றதை வெச்சு முடிவு பண்ணாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

தேவையில்லாம கர்ப்பப்பையை எடுக்கிற அநியாயம் நம்ம நாட்ல நடந்திருக்கு. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் கதை 2019ல் பெரிய செய்தியாச்சு. "எதுக்கு எடுக்கணும்?"னு நீங்க கேட்கிறது சரியான கேள்வி. வெள்ளைப்படுதலுக்கு எடுக்கணும்னா ரெண்டாவது கருத்து கேளுங்க. பயாப்ஸியில் கேன்சர்னு உறுதியானா நிலைமை வேற. உடல் தாங்கும்னா, ஆரம்ப நிலையில் எடுக்கிறதுதான் முதல் சிகிச்சை. ரெண்டு மூணு வாரம் தயாராக எடுத்துக்கலாம். ஆடி போகட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும்னு மாசக்கணக்கில் தள்ளாதீங்க.

அந்த ரெண்டு மூணு வாரத்துல என்ன செய்யணும்? ரத்தம் போய் ஹீமோகுளோபின் குறைஞ்சிருந்தா இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ. சர்க்கரை, பிரஷரைக் கட்டுக்குள்ள கொண்டு வரணும். தினமும் நடங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எது சாப்பிட்டாலும் சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. சினைப்பை ரெண்டையும் எடுப்பீங்களா, நிணநீர்க் கட்டி எடுப்பீங்களான்னு சர்ஜனைக் கேளுங்க. நோயாளிகிட்டயே கேன்சர்னு சொல்லாம மகன்கள் மட்டும் கையெழுத்துப் போடுற பழக்கத்தை விடுங்க. உடம்பு அவங்களோடது.

கடைசியா ஒண்ணு. ஸ்கேன் பார்த்து "ஸ்டேஜ் 1"னு சொல்றது ஒரு மதிப்பீடுதான். எடுத்த கர்ப்பப்பையை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் ஸ்டேஜ் உறுதியாகும், 1988லிருந்து உலகம் முழுக்க அதுதான் முறை. ரேடியேஷன் வேணுமா வேண்டாமா என்பதையும் பெரும்பாலும் அந்த ரிப்போர்ட்தான் முடிவு பண்ணும். தையல் பிரிச்சதும் வேலை முடிஞ்சதுன்னு ஊருக்குக் கிளம்பிடாம, அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிட்டு, டாக்டரிடம் காட்டிட்டுப் போங்க.