நாணயம் தவறிய நாணயம்



வரலாற்று வகுப்பில் மாணவர் என்னிடம் அடிக்கடி கேட்ட வினா ஒன்று உண்டு. "நோட்டு அச்சிடும் உரிமை அரசாங்கத்திடம் இருக்கிறதே, வேண்டிய மட்டும் அச்சிட்டு எல்லாருக்கும் வழங்கினால் வறுமை தீர்ந்துவிடாதா?" என்பதே அது. சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று இதனைத் தள்ளிவிடுதல் ஆகாது. கல்வியிலும் தொழிலிலும் சிறந்த ஒரு பெருநாடு இக்கேள்விக்குத் தன் வாழ்வையே விலையாகக் கொடுத்து விடை கண்டது. அந்நாடு ஜெர்மனி, ஆண்டு 1923.

முதல் உலகப் போருக்கு முன்னர் ஜெர்மானிய மார்க், உலகின் உறுதி வாய்ந்த நாணயங்களுள் ஒன்று. 4.20 மார்க் கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர் கிடைக்கும். மைய வங்கியாகிய ரைக்ஸ்பாங்கில் நோட்டைக் கொடுத்துப் பொன் பெறலாம். ஆசிரியரும், அலுவலரும், கைம்பெண்டிரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைச் சேமிப்பு வங்கியிலும் அரசாங்கக் கடன் பத்திரங்களிலும் இட்டு, முதுமையைப் பற்றிய கவலையின்றி இருந்தனர்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. நோட்டுக்குப் பொன் கொடுக்கும் வழக்கம் உடனே நிறுத்தப்பட்டது. போர்ச் செலவுக்குப் போதுமான வரி விதிக்க அரசாங்கம் முன்வரவில்லை. வெற்றி பெற்றதும் தோற்ற நாடுகளிடமிருந்து செலவை வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் கணக்கு. ஆகவே ஒன்பது முறை மக்களிடம் போர்க்கடன் திரட்டியது. எஞ்சிய குறையை நோட்டு அச்சிட்டு நிரப்பியது. 1918இல் ஜெர்மனி தோற்றது. கணக்குப் பொய்த்தது; கடன் மட்டும் நின்றது.

1921இல் நேச நாடுகள் 13,200 கோடி பொன் மார்க் நட்ட ஈடு கேட்டன. உள்நாட்டிலோ வரவுக்கு மேல் செலவு. 1923 ஜனவரியில், நட்ட ஈடு ஒழுங்காக வரவில்லை என்று பிரான்சும் பெல்ஜியமும் நிலக்கரி வளம் மிக்க ரூர்ப் பகுதியைக் கைப்பற்றின. அங்குள்ள தொழிலாளர் ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்தினர். அவர்களுக்கு ஊதியம் கொடுக்கும் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. அதற்கும் அச்சு இயந்திரமே துணை. விளைபொருள் குறைந்தது, நோட்டு பெருகியது.

பின் நிகழ்ந்ததைச் சொற்களைவிட எண்களே நன்கு விளக்கும். 1923 ஜனவரியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 18,000 மார்க். ஜூலையில் மூன்றரை லட்சம். நவம்பர் நடுவிலோ 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி! பெர்லின் நகரில் ஜனவரியில் 250 மார்க் விலையில் இருந்த ரொட்டி, நவம்பரில் ஏறத்தாழ 20,000 கோடி மார்க் ஆயிற்று. தொழிலாளர் நாள்தோறும் கூலி பெற்று, விலை ஏறுமுன் கடைக்கு ஓடினர். முன்னர் விதித்த வரி, கருவூலத்திற்கு வந்து சேர்வதற்குள் மதிப்பிழந்தது. ஆகவே அரசாங்கம் இன்னும் நோட்டு அச்சிட்டது.

இப்போது ஒருவருடைய சேமிப்பை எண்ணிப் பாருங்கள். 1914இல் அவர் 4,200 மார்க் வங்கியில் இட்டிருந்தால் அது 1,000 டாலருக்குச் சமம். 1923 நவம்பரில் அதே தொகை, ஒரு டாலரில் நூறு கோடியில் ஒரு பங்கு. வங்கி திவாலாகவில்லை, திருடன் புகவில்லை. கணக்கேட்டில் 4,200 மார்க் அப்படியே இருந்தது. எண் இருந்தது, பொருள் போயிற்று.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காப்பாளர் விருப்பம்போல் முதலீடு செய்தல் கூடாது. அரசாங்கக் கடன் பத்திரம், முதல்தரமான அடமானக் கடன் போன்ற பழுதற்ற இனங்களிலேயே இடவேண்டும் என்று ஜெர்மானியச் சட்டம் விதித்திருந்தது. அந்தப் பழுதற்ற இனங்களே முற்றும் அழிந்தன. சட்டத்துக்கு அடங்கி நடந்தவன் இழந்தான். கடன் பட்டவனோ, நிலத்தின்மேல் வாங்கிய பெருங்கடனைச் செல்லாக் காசால் தீர்த்து நிமிர்ந்து நடந்தான். அனைவரிலும் பெரிய கடனாளி அரசாங்கமே. அதன் போர்க்கடனும் இவ்வாறே கரைந்தது.

அறிவுள்ளோர் தம் பணத்தைக் காத்துக்கொள்ள முயலவில்லையா எனின், முயன்றனர். பொன்னாக, டாலராக, நிலமாக, பண்டமாக மாற்றினர். பழைய 20 மார்க் பொற்காசைப் பெட்டியில் வைத்திருந்தவர் பிழைத்தார். ஆயினும் ஒவ்வொருவரும் நோட்டைக் கைவிட விரைந்தபோது, அந்த விரைவே அதன் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது. உழவர் காகிதத்துக்குத் தானியம் விற்க மறுத்தனர், நகரத்தார் பசித்தனர். தனி மனிதனைக் காத்த வழி ஊரைக் காக்கவில்லை. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தவிர வேறில்லாதவருக்கோ அவ்வழியும் இல்லை.

இந்நோய் எவ்வாறு நின்றது? 1923 நவம்பர் 15ஆம் நாள் ரென்டன்மார்க் என்னும் புதிய நோட்டு வெளிவந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். வேளாண் நிலங்களும் தொழிற்சாலைகளும் ஏட்டளவில் அதற்கு ஈடாகக் காட்டப்பட்டன. எனினும் நோட்டைக் கொடுத்து நிலத்தைக் கேட்க முடியாது. அதனைத் தாங்கியது வேறொன்று: வெளியிடும் தொகைக்கு வரம்பு கட்டப்பட்டது, அரசாங்கத்தின் செலவுக்கு நோட்டு அச்சிட்டுக் கொடுப்பதை ரைக்ஸ்பாங்கு அன்றே நிறுத்தியது. அரசாங்கமும் ஆட்குறைப்புச் செய்து செலவைச் சுருக்கியது. சொன்ன வரம்பை மீறாதது கண்டு மக்கள் மீண்டும் நம்பினர். ஆனால் போன சேமிப்பு முழுவதும் திரும்பவில்லை. 1925ஆம் ஆண்டுச் சட்டம் அடமானக் கடன்களுக்குப் பொன் மதிப்பில் 25 விழுக்காடே அளித்தது. அரசாங்கப் பத்திரங்களுக்கு அதனினும் குறைவு. இழந்தோரின் கசப்பு, பின்னாளில் குடியரசின் வேரையே அரித்த நஞ்சுகளுள் ஒன்றாயிற்று.

இதனால் சேமித்தல் வீண் என்று முடிவு செய்யாதீர்கள். நூறு ரூபாய்க்கு ஆண்டு வட்டி 6 ரூபாய். அவ்வாண்டில் விலைகள் நூற்றுக்கு 8 ஏறின என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 106 ரூபாய் இருந்தும், முன்பு 100 ரூபாய்க்கு வாங்கிய பண்டத்தை வாங்க 2 ரூபாய் குறைகிறது. இந்தச் சிறு கணக்கைப் போடக் கற்றவன் பணத்தை எண்ணால் அளவாமல் அது வாங்கும் பொருளால் அளப்பான்; அவசரத்துக்கு வேண்டியதை ரொக்கமாக வைத்து, எஞ்சியதை ஓரிடத்திலேயே குவிக்காமல் பகிர்ந்து இடுவான். அது குடும்பக் கடமை. அரசாங்கம் தன் செலவுக்கு எங்கிருந்து பணம் பெறுகிறது என்று கேட்டறிதல் குடிமகனின் கடமை. இரண்டாவது தவறினால் முதலாவது நெடுநாள் காவாது.

தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. சேமிப்பவனுடைய நேர்மை மட்டும் சேமிப்பைக் காக்காது. நோட்டை வெளியிடுவோரின் நேர்மையும் உடன் நிற்க வேண்டும் என்பதே 1923 நமக்கு உரைக்கும் பாடம்.