அறிவிப்பு யாருக்கு? நெய்வேலியை முன்வைத்து நிறுவனத் தகவல் சட்டம் பற்றி ஓர் ஆய்வு

1956இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் இன்று என்எல்சி இந்தியா என்ற பெயரில் பங்குச் சந்தையில் இருக்கிறது. பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசிடம். ஆகவே அதன் அறிவிப்புகளை இருவகைச் சட்டங்கள் ஆள்கின்றன: முதலீட்டாளருக்காகப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி வகுத்த விதிகள், குடிமக்களுக்கான தகவல் உரிமைச் சட்டம். முன்னது மணிக்கணக்கில் கண்காணிக்கப்படுகிறது. பின்னது மனுப் போட்டால்தான் அசைகிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை என்பதே என் வாதம்.

2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 6ஆம் அலகில் கொதிகலன் விபத்து. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் 5ஆம் அலகில் இன்னொன்று. அன்றே ஆறு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள், காயம்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில். முக்கிய நிகழ்வுகளைப் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க, செபியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 30 அப்போது 24 மணி நேரம் கொடுத்தது. 2023 திருத்தத்துக்குப் பின், நிறுவனத்துக்குள்ளேயே எழும் தகவலுக்கு 12 மணி நேரம்தான். ஆலை வாசலில் நிற்கும் தொழிலாளியின் மனைவிக்கு வேண்டியவை வேறு: எந்த அலகு, எந்த ஷிப்ட், எந்த மருத்துவமனை. இந்த விதியின் கடிகாரம் அவளுக்காக ஓடுவதில்லை. போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த 41பி பிரிவு, ஆலையின் ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்லச் சொன்னது. மின் உற்பத்தியும் அதன் அட்டவணையில் இருந்தது. ஆனால் விபத்துக்குப் பிந்திய மணிநேரங்களில் தொழிலாளரின் குடும்பத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது பற்றி அந்தப் பிரிவிலும் பேச்சிருக்கவில்லை.

2023 ஜூலை 26 அன்று நெய்வேலி அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கான மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் முற்றாத நெற்பயிருக்குள் என்எல்சியின் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். உரிமை யாருடையது என்ற வழக்குக்கு அது பதிலாகலாம். என்றைக்கு வேலை தொடங்கும், விதைக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவோ, மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய உண்மைகள் அனைத்தையும் வெளியிடச் சொல்கிறது. 4(4) இன்னும் தெளிவு: உள்ளூர் மொழியையும், அந்த வட்டாரத்தில் எடுபடும் வழியையும் கருத்தில் கொண்டு தகவலைப் பரப்ப வேண்டும். ஆங்கில அறிக்கையை இணையத்தில் ஏற்றிவிட்டால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

ஊருக்கும் உடனே சொல்ல வேண்டும் என்பதற்கு நிறுவனச் செயலர்கள் சொல்லும் மறுப்பு வலுவானதே. பங்கு விலையைப் பாதிக்கும் செய்தியை ஊருக்கு முதலில் சொன்னால் உள்வணிகத் தடை விதிகள் குறுக்கே வரும். ஆனால் 2015ஆம் ஆண்டின் அந்த உள்வணிகத் தடை விதிகளே, பாகுபாடின்றிப் பொதுமக்களுக்கு எட்டும் தகவலையே பொதுத் தகவல் என்கின்றன. பங்குச் சந்தைக்கு அனுப்பும் அதே நேரத்தில், அதே செய்தியை நகரிய வட்டங்களின் அறிவிப்புப் பலகையிலும் வடக்கு வெள்ளூர், கத்தாழை போன்ற ஊராட்சி அலுவலகங்களிலும் தமிழில் ஒட்டினால் எந்த விதியும் மீறப்படாது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 19(8)(ஏ) பிரிவின்படி, குறிப்பிட்ட வகைத் தகவல்களை வெளியிடும்படி பொது அதிகார அமைப்புக்கு மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிடலாம். பாதிக்கப்பட்ட ஒரு விவசாயியின் இரண்டாம் மேல்முறையீட்டிலேயே அந்த உத்தரவைக் கோர முடியும்.