சட்டமும் குற்றவியலும்

குற்றம் நடந்ததா, செய்தவர் யார், அதற்குரிய தண்டனை யாது என்று கேட்பது சட்டம். அவர் அதனை ஏன் செய்தார், தண்டனைக்குப் பின் அவர் என்ன ஆகிறார் என்று கேட்பது குற்றவியல். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இன்று பல உள. ஆனால், இவை ஒன்றுசேர்ந்த வரலாறு எளியதன்று.

இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764 இல் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி நூல் எழுதி, சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்தார். அவர் நோக்கியது சட்டத்தை. 1876 இல் லோம்புரோசோ என்னும் மருத்துவர் குற்றவாளியை நோக்கினார். குற்றத்தின் காரணத்தை அவன் உடலமைப்பிலேயே தேடினார். அவருடைய முடிவுகள் பிற்காலத்தில் தள்ளப்பட்டன. ஆயினும், 'ஏன்' என்ற கேள்வி நிலைத்துவிட்டது. 1885 இல் கரோபலோ என்னும் நீதிபதி தம் நூலுக்குக் குற்றவியல் என்றே பெயரிட்டார்.

இவ்விரு நோக்கையும் சட்டக் கல்விக்குள் இணைக்க முயன்றவருள் தலையாயவர் பேராசிரியர் பிரான்ஸ் வான் லிஸ்ட். தண்டனைக்குப் பழிவாங்குதல் நோக்கமாகாது என்று 1882 இல் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் வாதிட்டார். திருந்தக்கூடியவரைத் திருத்த வேண்டும். திருந்தாதவரை அடைத்து வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இதில் ஓர் ஆபத்து உண்டு. 'இவன் திருந்தான்' என்று முடிவு செய்பவர் யார்? இதனை உணர்ந்தே போலும், தண்டிக்கும் அரசினிடமிருந்து குற்றவாளியைக் காக்கும் அரண் சட்டமே என்றும் அவர் வலியுறுத்தினார்.

அந்த அரண் அதே நாட்டில் இடிந்தது. 1933 இல் நாஜி அரசு, வழக்கமான குற்றவாளிகள் எனப்பட்டோரைக் கால வரையறையின்றி அடைத்து வைக்கச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டிலேயே பேராசிரியர் பலர் பதவியிழந்தனர். அவருள் யூத மரபினரான மான்ஹைம் லண்டனுக்கும், குரூன்ஹுட் ஆக்ஸ்போர்டுக்கும் சென்று குற்றவியல் கற்பித்தனர். போலந்திலிருந்து 1938 இல் இங்கிலாந்துக்கு வந்தவர் ராட்சினோவிச் என்னும் சட்ட அறிஞர். உள்துறை அமைச்சர் பட்லரின் ஆதரவோடு 1959 இல் கேம்பிரிட்ஜில் குற்றவியல் கழகம் தோன்றியபோது, அவரே அதன் முதல் இயக்குநரானார். அக்கழகம் சட்டத் துறையிலேயே அமைந்தது என்பது கருதத்தக்கது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? குற்றவியல் இல்லாத சட்டம் குருடு. தான் விதிக்கும் தண்டனையின் விளைவை அது அறியாது. சட்டம் இல்லாத குற்றவியலோ கொடிது. மனிதனுக்கு முத்திரை குத்திவிட்டு அவன் உரிமையை மறந்துவிடும். ஆகவேதான் இரண்டையும் ஒருவரே கற்பது நன்று.

பிரம்பை எடுக்குமுன் மாணவன் ஏன் தவறினான் என்று கேட்கும் ஆசிரியர், 'இவன் திருந்தமாட்டான்' என்று அவனை ஒதுக்காமலும் இருத்தல் வேண்டும். நீதிமன்றத்துக்குப் பொருந்துவது வகுப்பறைக்கும் பொருந்தும்.