வட்டின் எழுத்தும் அதைப் படிப்போரும்

கணிப்பொறியின் வட்டில் நாம் சேமித்து வைக்கும் கடிதமும் கணக்கும் கட்டிய ஏடுபோல ஒருசேரக் கிடப்பதில்லை. அவை பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கலாம். எதற்குப் பின் எது என்பதை அங்கேயே ஓர் அட்டவணை சொல்லும். அந்த அட்டவணையின் முறையறிந்த இயக்குதளத்துக்கே வட்டு வாய் திறக்கும். மற்றவற்றுக்கு அது ஊமை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட எம்.எஸ்.டாஸ், 'ஃபாட்' என்னும் முறையைக் கையாண்டது. கோப்பின் பெயருக்கு எட்டெழுத்து, வகையைக் குறிக்கும் ஒட்டுக்கு மூன்றெழுத்து, அவ்வளவே. 1995-இல் வந்த விண்டோஸ் 95, பெயர் 255 எழுத்து வரை நீள இடந்தந்தது. பழைய வட்டுகளையும் நிரல்களையும் என்செய்வது? இங்கே கையாண்ட தந்திரம், நேயர்களே, ரசிக்கத்தக்கது. நீண்ட பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாக நறுக்கி, துண்டுக்கொரு பதிவாகக் கோப்புப் பட்டியலிலேயே ஒளித்து வைத்தார்கள். அப்பதிவுகளின் மீது 'மாற்றலாகாதது', 'மறைவானது', 'இயக்கத்துக்குரியது', 'வட்டின் பெயர்' என்ற நான்கு முத்திரைகளையும் ஒருங்கே குத்தினார்கள். ஒன்றோடொன்று பொருந்தாத இச்சேர்க்கையைக் கண்ட பழைய டாஸ், தனக்கு அங்கே அலுவல் இல்லையென்று தாண்டிப் போயிற்று. உடன் வைத்த குறும்பெயரை மட்டும் படித்துக்கொண்டது. ஆனால், பழைய வட்டுச் சீரமைப்பு நிரல்கள் சில, இவ்விசித்திரப் பதிவுகளைப் பிழையென்று கருதித் திருத்தப் புகுந்தன. கோப்பு பிழைத்தது, பெயர் போயிற்று.

பெரிய வட்டுகள் வந்ததும் வேறொரு சங்கடம் எழுந்தது. விண்டோஸ் 95-இல் பழைய ஃபாட் முறை ஒரு பிரிவில் 2 கிகாபைட்டுக்கு மேல் ஆளாது. ஆகவே 1996-இல் அதன் திருத்தப் பதிப்போடு 'ஃபாட் 32' வந்தது. அதே ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. 4.0-வுக்கு அது புரியவில்லை, என்.டி.யின் 'என்.டி.எஃப்.எஸ்.' முறையோ விண்டோஸ் 95-க்குப் புரியவில்லை. ஒரே இயந்திரத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள், பொதுக் கோப்புகளைப் பழைய ஃபாட்டில்தான் எழுத வேண்டியிருந்தது. அண்ணனும் தம்பியும் பாட்டன் மொழியிலேதான் பேசிக்கொண்டார்கள்!

2000-இல் வந்த விண்டோஸ் 2000 எல்லாவற்றையும் படித்தது. ஆனால் தன் கைக்கு வந்த பழைய என்.டி.எஃப்.எஸ். வட்டுகளைத் தானாகவே புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டது. பழமைக்கு வளைந்து கொடுத்த 1995-ஆம் ஆண்டுப் பணிவு இங்கே இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. என்.டி. 4.0 அவ்வட்டைத் திறக்க, 1998-இல் வெளியான நான்காம் திருத்தத் தொகுப்பு வேண்டியிருந்தது. அது இருந்தும், வட்டைச் சோதித்துப் பழுது நீக்கும் என்.டி.யின் சொந்தக் கருவி அதில் இயங்கவில்லை.