கைப்பிடியும் பொத்தானும்: உழவு இயந்திரத் துவக்கியின் வரலாறு

நீராவி இயந்திரத்துக்கும் பெற்றோல் இயந்திரத்துக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. நீராவி இயந்திரத்தில், அடைபட்ட ஆவியைத் திறந்துவிட்ட மாத்திரத்தே அது முசலத்தைத் தள்ளும். பெற்றோல் இயந்திரமோ எரிபொருளையும் காற்றையும் முதலில் உள்ளிழுத்து, அவற்றை அமுக்கி, அதன் பின்னரே தீப்பொறியால் வலுப்பெறும். எனவே, அதனை முதன்முதலில் வேறொரு விசை சுழற்றிவிடவேண்டும். நெடுங்காலம் அவ்விசையாக விளங்கியது மனிதனுடைய கையே.

1917ஆம் ஆண்டில் ஹென்றி போர்ட் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய போர்ட்சன் உழவு இயந்திரத்தை, அதன் முன்புறத்திலுள்ள இரும்புக் கைப்பிடியைச் சுழற்றியே இயக்கினர். தீப்பொறி சற்று முந்திவிட்டால் இயந்திரம் பின்னோக்கித் திரும்பும். கைப்பிடியும் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தோர் பலர். பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடிக்காது, ஏனைய விரல்களின் பக்கமாகவே வைக்கவேண்டும் என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குக் கற்பித்தமை இதனாலேயாகும்.

இவ்வின்னலுக்கு மாற்றுக் கண்டவர் ஐக்கிய அமெரிக்காவின் டேட்டன் நகரிற் பணியாற்றிய சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர். கடைகளிற் காசு பதியும் பொறிக்குச் சிறிய மின்மோட்டார் ஒன்றை அவர் முன்னரே அமைத்திருந்தார். அப்பொறியின் மோட்டார் சில கணங்கள் மட்டுமே உழைத்தாற் போதும். ஆகையால் இடைவிடாது தாங்கமுடியாத சுமையையும் அக்கணங்களில் அது தாங்கும். அதே உண்மையை அவர் மோட்டார் வண்டிக்கும் பொருத்தினார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டி மின் துவக்கியுடன் விற்பனைக்கு வந்தது.

வயலுக்கு அவ்வசதி வந்து சேரக் காலம் பிடித்தது. 1939இல் ஹென்றி போர்டும் ஹரி பெர்குசனும் கூட்டாக வெளியிட்ட 9என் என்னும் உழவு இயந்திரத்தில் 6 வோல்ற்றுப் பற்றறியும் மின் துவக்கியும் இருந்தன. 1942இல் யுத்தத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அதன் வழிவந்த 2என் இயந்திரங்களிற் சில பற்றறியும் துவக்கியும் இன்றி, இரும்புச் சில்லுகளுடன் வெளிவந்தன. உழவன் மீண்டும் கைப்பிடியைப் பற்றவேண்டியதாயிற்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உருவான பெர்குசன் டி.ஈ.20 இயந்திரத்திலோ, கியர்த் தண்டையே துவக்கியின் ஆளியாக அமைத்தனர். தண்டைத் துவக்கும் நிலைக்குக் கொண்டுசென்றாலன்றி மோட்டார் சுழலாது. அந்நிலையில் எந்தக் கியரும் பூட்டப்பட்டிராது. இயந்திரம் எதிர்பாராது பாயாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

இத்தகைய முதிய இயந்திரங்கள் இன்றும் பல நாடுகளில் உழைக்கின்றன. துவக்கி இயங்க மறுத்தால், உடனே மோட்டாரைக் கழற்றுதல் அறிவுடைமை ஆகாது. முதலிற் பற்றறியையும், அடுத்து அதன் முனைகளிற் படிந்த பூப்பையும், பின்னர் இயந்திர உடலோடு இணையும் புவித்தொடுப்பையும் பார்த்தல் வேண்டும். ஒரே வலுவைப் பெறுதற்கு 12 வோல்ற்றிலும் பார்க்க 6 வோல்ற்றில் இருமடங்கு மின்னோட்டம் தேவை. ஆதலால், 12 வோல்ற்று வண்டிக்குரிய மெல்லிய கம்பி இங்கு போதாது. சில தடவை துவக்கியை இயக்கியபின் எந்த இணைப்புச் சுடுகின்றதோ, அங்கேயே மின்சாரம் வீணாகின்றது என்பது தெளிவு.

விளக்கு உள்ள இயந்திரமாயின் அதுவும் சான்று கூறும். துவக்கியை இயக்கும்போது விளக்கு மிக மங்கினால், பற்றறி தளர்ந்திருக்கலாம், இணைப்புப் பழுதாகியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். ஒளி சிறிதும் குன்றாதிருந்தால், மின்சாரம் மோட்டாரைச் சென்றடையவில்லை, அல்லது அதன் உள்ளே ஓடவில்லை. ஆளியையும், கம்பியையும், மோட்டாரின் காபன் தூரிகைகளையும் ஆராய்க. மோட்டார் சுழன்றும் இயந்திரம் அசையாவிடில், சிறு பற்சில்லு அழுக்கினால் ஒட்டிக்கொண்டு பெருஞ்சில்லின் பற்களிற் பொருந்தாதிருக்கக்கூடும்.

பொறுமையற்றோர் சிலர் நிலத்தில் நின்றபடியே, திருப்புளியைத் துவக்கியின் இரு முனைகளுக்குங் குறுக்கே வைத்து இயந்திரத்தை இயக்கிவிடுவர். கியர் பூட்டியிருந்தால், அது அக்கணமே நகர்ந்து, பின்சில்லின் முன்னே நிற்பவர்மீது ஏறிவிடும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர். மனிதனின் கையைக் காக்கவே மின் துவக்கி பிறந்தது. அவன் உயிரைக் காக்கவே அதன் ஆளி கியர்த் தண்டோடு பிணைக்கப்பட்டது. பழுதைத் தேடுவோர் அரைமணி நேரம் தாமதித்தாலும், அக்காவலைத் தாண்டிச் செல்லாதிருத்தல் வேண்டும்.