பறவை எச்சமும் எரிமலைக் கல்லும்

வெள்ளவத்தைக் கரையோரக் கற்களில் காகங்கள் இடும் எச்சத்தை ஒரு பெருமழை கழுவிக் கடலிற் சேர்த்துவிடும். ஆயின், நடுக்கடலில் தனித்து நிற்கும் தீவுகளிலே, எண்ணற்ற தலைமுறைகளாகக் கடற்பறவைகள் கூடி வாழ்ந்த இடங்களில், அதே எச்சம் கல்லின் இயல்பையே மாற்றியுள்ளது.

மெக்சிக்கோவுக்கு அப்பால், பசிபிக் கடலிலே, கிளிப்பேட்டன் என்றொரு பவளத்தீவு உண்டு. அதில் எழுந்து நிற்கும் எரிமலைப் பாறையின் துண்டுகளை ஆங்கில நிலவியலறிஞர் டீல் ஆராய்ந்து, 1898இல் தம் முடிவை வெளியிட்டார். கல்லில் பொசுபேற்று மிகுந்திருந்தது. அது பூமியின் ஆழத்திலிருந்தே வந்ததாகவும் இருக்கலாமன்றோ? இலங்கையின் எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்ட பொசுபேற்று அத்தகையதே. பறவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் கிளிப்பேட்டன் கல்லை மெல்லிய சீவல்களாக்கி நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, பழைய பளிங்குகளின் வடிவம் அப்படியே இருக்க, உள்ளிருந்த பொருள் மட்டும் மாறியிருந்தது. ஓரளவே மாறிய துண்டில் பாதிக்கு மேலிருந்த சிலிக்கா, முற்றும் மாறிய துண்டில் நூற்றுக்கு 3 பங்கும் இல்லை. மழைநீர் எச்சத்தின் பொசுபேற்றைக் கரைத்துக்கொண்டு கல்லுள் இறங்க, சிலிக்கா வெளியேறியது. எஞ்சிய அலுமினியமும் இரும்பும் பொசுபேற்றோடு கூடிப் புதுக் கனிப்பொருள்களாயின.

இத்தகைய பொசுபேற்று பசளைத் தொழிலுக்கு எளிதில் உதவாது. சுண்ணாம்புக் கல்லிற் படிந்ததே விலைபோவது. சாவகத்துக்குத் தெற்கேயுள்ள கிறிஸ்மஸ் தீவு, எரிமலைமேற் சுண்ணாம்புக் கல் போர்த்த தீவு. அங்கிருந்து 1887இல் கொணர்ந்த கற்களிற் பொசுபேற்றைக் கண்டவர், சலஞ்சர் கப்பலின் கடலாராய்ச்சியில் பங்குகொண்ட ஜோன் மரே. மறு ஆண்டே பிரித்தானியா அத்தீவைத் தனதாக்கிக்கொண்டது. 1897இல் கம்பனியும் தோன்றியது. தீவிலிருந்து அரசுக்குக் கிடைத்த வருவாய் சலஞ்சர் பயணச் செலவையும் விஞ்சியது என மரே கணக்கிட்டுக் காட்டினார்.

கணக்கிற் சேராத செலவு ஒன்று இருந்தது. பொசுபேற்றை வெட்டியெடுக்கக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பெரிபெரி நோயால் மாண்டனர். மண்ணுக்கு உரம் தோண்டியவர்களின் உணவு தீட்டிய வெள்ளையரிசி. நோயைத் தடுக்கும் சத்து, தீட்டி நீக்கிய தவிட்டில் இருந்தது.