தாய்மொழிக்கு அஞ்சிய அரசு

ஒரு நூலைத் தடுக்க விரும்பும் அரசுக்கு வழிகள் பல உண்டு. அச்சகத்தைப் பூட்டலாம், எழுத்தாளனை நாடுகடத்தலாம், எல்லையிலே பிரதிகளைப் பறிக்கலாம். ஆனால், ஆகாய வழியே வரும் குரலை என்ன செய்வது? சோவியத் அரசு இக்கேள்விக்கு நாற்பது ஆண்டுகள் விடை தேடியது.

பி.பி.சி. 1946 இலும், அமெரிக்காவின் குரல் 1947 இலும் ரஷ்ய மொழி ஒலிபரப்பைத் தொடங்கின. 1949 ஆம் ஆண்டளவில் இரண்டின்மீதும் குறுக்கீடு தொடங்கிவிட்டது. அந்நிய நிலையம் பேசும் அதே அலைவரிசையில் பேரிரைச்சலை ஒலிபரப்புவதே முறை. நகரங்களிலிருந்த சிறு நிலையங்கள் அயலை மூடின. தொலைவிலிருந்த பெரு நிலையங்கள், வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைகளால் பரந்த நிலப்பரப்பை மூடின. மக்களோ நகரை விட்டு நாட்டுப்புறத்து வீடுகளுக்குச் சென்று, இரைச்சல் குறைந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

இந்த இரைச்சல் அரசியலோடு ஏறியும் இறங்கியும் வந்தது. 1963 இல் தணிந்தது. 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படைகள் புகுந்தபோது மீண்டும் எழுந்தது. 1973 இல் தணிந்து, 1980 இல் போலந்துத் தொழிலாளர் கிளர்ந்தபோது மறுபடியும் எழுந்தது.

இங்கே நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. பி.பி.சி.யின் ஆங்கில ஒலிபரப்பு பெரும்பாலும் தடையின்றியே கேட்டது. ரஷ்ய மொழியில் பேசியபோதுதான் இரைச்சல் எழுந்தது. அதிலும், 1953 மார்ச்சில் மியூனிக்கிலிருந்து ஒலிக்கத் தொடங்கி, பின்னர் 'ரேடியோ லிபர்ட்டி' எனப் பெயர் பெற்ற நிலையத்துக்கு 1988 வரை ஒரு நாளும் விடுதலை கிட்டவில்லை. அதற்கு 1970 களின் தொடக்கம் வரை சி.ஐ.ஏ. இரகசியமாகப் பணம் வழங்கியது உண்மையே. ஆயினும், நாட்டுக்குள் அச்சேற முடியாத பாஸ்டர்நாக்கையும் சொல்ஷெனிட்சினையும் ரஷ்ய மக்களுக்கு வாசித்துக் காட்டியதும் அதுவே. 1974 இல் நாட்டைவிட்டு வெளியேறிய பாடற்கவிஞர் கலிச்சும் அங்கிருந்து தம் மக்களோடு பேசினார்.

ஆக, அந்த அரசு அந்நியரின் செய்திக்கு அஞ்சியதைவிடத் தன் சொந்த இலக்கியத்துக்கே அதிகம் அஞ்சியது என்பேன். இதற்குக் காலக் கணக்கே சாட்சி. 1988 இல் 'டாக்டர் ஷிவாகோ' மாஸ்கோவின் 'நோவி மிர்' சஞ்சிகையில் வெளியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் ரேடியோ லிபர்ட்டி மீதான இரைச்சல் ஓய்ந்தது. மறு ஆண்டு 'குலாக் தீவுக்கூட்டம்' அதே சஞ்சிகையில் வரலாயிற்று. அச்சின் கதவும் ஆகாயத்தின் கதவும் ஏறக்குறைய ஒன்றாகவே திறந்தன.

1991 ஆகஸ்டில் சதிகாரர்கள் கொர்பச்சேவைக் கிரிமியாவில் அடைத்துவைத்தபோது, நாட்டு நடப்பை அறிய அவர் நாடியது பி.பி.சி. முதலான அந்நிய வானொலிகளையே. அவற்றின் மீதிருந்த இரைச்சலை நிறுத்தியது அவருடைய அரசுதான். நிறுத்தாதிருந்தால், அன்று அவர் காதிலும் இரைச்சலே விழுந்திருக்கும்.